மலைப்பாதையில் ஓடும் வாகனத்துக்கு ஃபயர் சிலிண்டர்: எதை வாங்குவது, எங்கே பொருத்துவது

ஹட்டனிலிருந்து கினிகத்தேனைப் பக்கம் இறங்கும்போதோ, றம்பொடை வளைவுகளிலோ, எல்லயிலிருந்து வெல்லவாய போகும் அந்த நீள இறக்கத்திலோ வாகனத்தில் தீப்பிடித்தால், முதலில் உதவிக்கு வரப்போவது உங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கும் டிரைவர்தான். தீயணைப்புப் பிரிவுகள் கண்டி, நுவரெலியா மாதிரியான இடங்களில் மாநகர சபையின் கீழ் இருக்கின்றன. 110க்கு அழைத்த அடுத்த நிமிடமே அவர்கள் புறப்பட்டாலும், தண்ணீர் நிரப்பிய அந்தப் பெரிய வண்டி நம் ரோட்டு முடக்குகளை ஏறி இறங்கி, மழை நாளென்றால் மண் சரிந்த இடத்தையும் தாண்டி வந்து சேரும்போது அணைப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது. பொனட்டுக்குள் பிடித்த தீ டேஷ்போர்டைத் தாண்டி உள்ளே வரச் சில நிமிடங்கள் போதும், பெற்றோல் கசிந்து பிடித்தது என்றால் அவ்வளவு நேரம்கூடக் கிடைக்காது.

ஆகவே வாகனத்தில் தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று இருக்க வேண்டும் என்பதை நிறையப் பேர் ஒத்துக்கொள்கிறார்கள், வாங்கவும் செய்கிறார்கள். வாங்கியதை டிக்கிக்குள் ஸ்பெயார் டயருக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு மறந்துவிடுவதுதான் பிரச்சினை. மேலே மரக்கறி மூட்டையும் பையும் ஏறிய பிறகு அதை எடுப்பதற்கு இரண்டு நிமிடம் வேண்டும், அந்த இரண்டு நிமிடம்தான் உங்கள் கையில் இருந்த மொத்த நேரமும். எந்த வகை வாங்குகிறீர்கள் என்பதைவிட எங்கே பொருத்துகிறீர்கள் என்பதற்கு நான் அதிக முக்கியத்துவம் கொடுப்பேன். இருந்தாலும் வாங்குவதிலிருந்தே தொடங்குவோம்.

நம் பக்கத்து வாகனங்கள் எதனால் தீப்பிடிக்கின்றன என்று தெரிந்தால்தான் எது வேண்டும் என்று முடிவு செய்யலாம். ஏற்றத்தில் முழு லோடோடு முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் மணிக்கணக்கில் இழுக்கும் எஞ்சின் கடுமையாகச் சூடாகும், அந்தச் சூட்டில் பழைய ரப்பர் குழாய்கள் காய்ந்து வெடிக்கும், வெடிப்பிலிருந்து பெற்றோலோ எண்ணெயோ சைலன்சர் குழாய் தொடங்கும் இடத்தில் சொட்டினால் பற்றிக்கொள்ளும். அடுத்தது வயரிங். தோட்டப் பக்கம் இரவில் நிறுத்தும் வாகனங்களின் பொனட்டுக்குள் எலி புகுந்து, காய்ந்த புல்லும் சாக்குத் துண்டுமாகக் கூடு கட்டி, பக்கத்திலேயே வயரையும் கடித்து வைக்கும். காலையில் பொனட்டைத் தூக்கிப் பார்த்தால் பற்ற வைக்கத் தயாராக அடுக்கியது போலவே இருக்கும். பியூஸ் போடாமல் பாட்டரியிலிருந்து நேராக இழுத்த செட், லைட், ஹோர்ன் இவையெல்லாம் இதே கணக்குத்தான். அப்புறம் பிரேக். நீண்ட இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே தொங்கிக்கொண்டு வந்தால் டிரம் கொதித்துப் புகைந்து, கடைசியில் டயரே பிடிக்கும். ஊவாப் பக்கத்தில் கோடைக் காலத்தில் காய்ந்த மானாப்புல் மேல் வண்டியை நிறுத்துவதும் ஆபத்து, அடியில் புகைக் குழாயில் இருக்கும், புகையைச் சுத்தப்படுத்தும் கெட்டலிட்டிக் கொன்வேட்டர் புல்லைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாக இருக்கும்.

ஆக, ஒரே வண்டியில் திரவமும் எரியலாம், சீட், ரப்பர், புல் மாதிரிப் பொருட்களும் எரியலாம், மின்சாரத்திலிருந்தும் தொடங்கலாம். இந்த மூன்றையும் ஒரே சிலிண்டர் சமாளிக்க வேண்டும்.

எதை வாங்குவது

ஏ.பி.சி. உலர் தூள் சிலிண்டரை வாங்குங்கள். ஏ என்பது மரம், துணி, சீட், ரப்பர் மாதிரித் திடப் பொருள், பி என்பது பெற்றோல், டீசல், எண்ணெய், சி என்பது வாயு. இது பிரிட்டிஷ், ஐரோப்பிய முறை. அமெரிக்க முறையில் சி என்றால் மின்சாரத் தீ. எந்த முறையில் லேபல் ஒட்டியிருந்தாலும் பாட்டரி, வயரிங் தீக்கு ஏ.பி.சி. தூளைப் பயன்படுத்தலாம், தூள் மின்சாரத்தைக் கடத்தாது. உள்ளே இருப்பது பெரும்பாலும் மோனோ அமோனியம் பொஸ்பேட் என்ற மஞ்சள் நிறத் தூள், அதைத் தள்ளுவதற்கு நைட்ரஜன் அழுத்தத்தில் அடைத்திருப்பார்கள். விலை குறைவாக பி.சி. என்று மட்டும் போட்ட சிலிண்டர்களும் கடையில் தொங்கும். அவற்றில் இருப்பது பெரும்பாலும் சோடியம் பைகார்பனேட், பெற்றோல் தீயை நன்றாகவே அடக்கும், ஆனால் சீட்டும் டயரும் கனன்றுகொண்டிருந்தால் அதற்கு உதவாது. இரண்டும் பார்க்க ஒரே சிவப்புத்தான், லேபலில் மூன்று எழுத்தும் இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

கார்பனீரொட்சைட்டு சிலிண்டர் கறுப்புப் பட்டியோடு வரும். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் அறைக்கு அது அருமையானது, அழுக்கே வைக்காது. வாகனத்துக்கு நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அதே வேலைக்கு அது மிகவும் பாரம், திறந்த ரோட்டில் பள்ளத்திலிருந்து வீசும் காற்று அந்த வாயுவை ஒரு நொடியில் அள்ளிக்கொண்டு போய்விடும், கண்ணாடி மூடிய வேனுக்குள் அடித்தால் உள்ளே இருப்பவருக்கு மூச்சுத் திணறும். நுரை வகை எண்ணெய்த் தீக்கு நல்லதுதான், ஆனால் காருக்கு ஏற்ற சிறிய அளவில் நம் பக்கத்துக் கடைகளில் தேடி அலைய வேண்டும். வாசனை ஸ்ப்ரே டப்பா அளவில் வருபவற்றை இரண்டாவதாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் நம்பாதீர்கள்.

அளவு? சின்ன கார், ஆட்டோ என்றால் குறைந்தது ஒரு கிலோ. வேன், டபுள் கெப், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வண்டி என்றால் இரண்டு கிலோ, முடிந்தால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அரைக் கிலோவில் அழகாக ஒரு சாமான் விற்கிறார்கள், அதை வாங்காதீர்கள். ஒரு கிலோ சிலிண்டரே முழுதாக அழுத்தினால் பத்து விநாடி சுமாருக்குத்தான் அடிக்கும், எட்டும் தூரம் இரண்டு மூன்று மீற்றர். அரைக் கிலோவில் முதல் இரண்டு விநாடி குறி தவறினாலே கதை முடிந்தது. லேபலில் 5ஏ 21பி, 8ஏ 34பி என்று இலக்கம் போட்டிருக்கும், அந்த இலக்கம் கூடக் கூட அணைக்கும் சக்தியும் கூடும். ஒரே எடையுள்ள இரண்டு சிலிண்டரில் எது நல்லது என்று குழம்பினால் இதைப் பார்த்து முடிவு செய்யலாம். இலக்கமே இல்லாத லேபல் என்றால் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை இன்னும் சில. தலைப்பகுதி உலோகத்தில் இருக்க வேண்டும், பிளாஸ்டிக் தலை நம் குலுக்கலுக்கு நீண்ட நாள் தாங்காது. அழுத்தம் காட்டும் முள் மீட்டர் இருக்க வேண்டும், முள் பச்சைக்குள் நிற்க வேண்டும். கைப்பிடி தவறுதலாக அழுந்தாமல் பூட்டி வைத்திருக்கும் ஊசியில் பிளாஸ்டிக் சீல் அறுபடாமல் இருக்க வேண்டும். தயாரித்த ஆண்டு சிலிண்டரிலேயே பதிந்திருக்கும், மேலே ஒட்டிய ஸ்டிக்கரை நம்பாமல் அதைத் தேடிப் பாருங்கள். இரண்டு கிலோவில் சின்னக் குழாயோடு வருவதை எடுங்கள், சக்கரத்துக்கு அடியிலும் பொனட் இடைவெளியிலும் நுழைத்து அடிக்கக் குழாய் இருந்தால்தான் வசதி. உலோகப் பட்டியோடு கூடிய பிராக்கெட்டும் சேர்த்துக் கேளுங்கள். பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் கொக்கி வைத்துக் கொடுப்பார்கள், அது சுவரில் மாட்ட மட்டும்தான் சரி.

இங்கே ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். ஜப்பானில் இருந்து வந்த கார்களில், அல்டோவோ வேகன் ஆரோ அக்குவாவோ எதுவாக இருந்தாலும், முன் இடது சீட்டில் இருப்பவரின் கால் பக்கத்தில் சிவப்பாக ஒரு குழாய் கொக்கியில் செருகியிருக்கும். ஜப்பானிய எழுத்தில் ஏதோ எழுதியிருக்கும், நிறம் சிவப்பு, எனவே அதைத் தீயணைப்பான் என்று நினைத்துக்கொண்டு இருப்பவர்கள் உண்டு. அது தீயை அணைக்கும் சாமானே இல்லை. வண்டி நடுரோட்டில் நின்றால் பின்னால் வருபவர்களுக்குத் தெரியப் பற்றவைக்கும் எச்சரிக்கை மத்தாப்பு அது, சில நிமிடங்களுக்குச் சிவப்பாகக் கொழுந்து விட்டு எரியும். பெற்றோல் மணக்கும் இடத்தில் அதைத் திருகித் திறந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இன்றைக்கே உங்கள் காரில் குனிந்து பாருங்கள், இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் காட்டி இது என்ன என்று சொல்லி வையுங்கள்.

எங்கே பொருத்துவது

டிரைவர் சீட்டில் இருந்துகொண்டே, அல்லது கதவைத் திறந்து வெளியே நின்றுகொண்டு ஒரு கையை நீட்டினால் எடுக்கக்கூடிய இடம். இதுதான் அளவுகோல். எந்த வண்டியாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டுப் பாருங்கள், புகைக்குள்ளும் இரவில் மூடுபனிக்குள்ளும் அப்படித்தான் தேட வேண்டி வரும்.

அடுத்தது, அசையவே கூடாது. டிரைவர் சீட்டுக்கு அடியில் சும்மா வைத்துவிட்டு "கிட்டத்தானே இருக்கு" என்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். தண்ணீர்ப் போத்தல் உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கிய கதையை ஹயர் ஓடும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போத்தல் என்றால் மிதித்து நசுக்கலாம். இரும்புச் சிலிண்டர் நசுங்காது. றம்பொடை இறக்கத்தில் முன்னால் பஸ், பக்கத்தில் பள்ளம், பெடல் பாதியில் நிற்கிறது, அடியில் உங்கள் உயிரைக் காப்பாற்ற வாங்கிய சாமான். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. தூளும் இரும்பும் சேர்ந்து ஒரு கிலோ சிலிண்டரே ஒன்றரை இரண்டு கிலோ வரும், வண்டி எதிலாவது மோதினால் அது முன்னால் இருப்பவர் தலையை நோக்கிப் பறக்கும். வெல்க்ரோ பட்டி, கயிறு, பைக்குள் வைத்துச் சீட்டுக்குப் பின்னால் தொங்கவிடுவது இவையெல்லாம் வேலைக்காகாது.

கார் என்றால் நல்ல இடம், முன் இடது சீட்டின் முன் விளிம்புக்குக் கீழே குறுக்காக, அல்லது டிரைவர் சீட்டுக்கும் நடு மேட்டுக்கும் இடையில் பக்கவாட்டாக. சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டையே பயன்படுத்தி ஒரு தகட்டை மடித்து மாட்டி, அந்தத் தகட்டில் பிராக்கெட்டைப் பொருத்தலாம். கராஜில் அரை மணி நேர வேலை. போல்ட்டைத் திரும்ப இறுக்கும்போது பழையபடி நன்றாக இறுக்கினார்களா என்று கிட்டவே நின்று பாருங்கள், சீட்டையே பிடித்திருப்பது அதுதான். தரையில் புதிதாகத் துளை போடச் சொல்லாதீர்கள், போட்டே ஆக வேண்டும் என்றால் வண்டியைத் தூக்கி அடியில் பெற்றோல் குழாய், பிரேக் குழாய், வயர் எது போகிறது என்று பார்த்த பிறகு மட்டும். சீட் முன்னும் பின்னும் நகரும்போது சிலிண்டரில் இடிக்கக் கூடாது, எயார்பேக் விரியும் வழியில் இருக்கக் கூடாது.

ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் பின் சீட்டுப் பக்கத்தில் பாட்டரிக்குக் காற்றுப் போகும் துவாரம் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அக்குவா, பிரியஸ் இரண்டிலும் அது இருக்கிறது. அதை எதைக் கொண்டும் அடைக்கக் கூடாது, சிலிண்டர் மட்டுமில்லை, துணி மூட்டையும்தான்.

டொல்பின் மாதிரியான பழைய வேன்களில் எஞ்சின் முன் சீட்டுகளுக்குக் கீழேயே இருக்கிறது. தீ வருவதும் அங்கிருந்துதான். அந்த மூடிக்குப் பக்கத்தில் சிலிண்டரை மாட்டினால், தேவைப்படும் நேரத்தில் நெருப்புக்குள் கையை விட்டு எடுக்க வேண்டி வரும். எனவே ஒன்றை டிரைவர் கதவுப் பக்கம் கீழே, இன்னொன்றை இடது பக்கம் இழுக்கும் கதவின் படிக்குக் கிட்ட மாட்டுங்கள். ஆட்கள் இறங்கும் வழி அந்தக் கதவு என்பதால், இறங்கும் ஒருவர் அதை எடுத்துக்கொண்டே இறங்கலாம். படியில் கால் தட்டாத மாதிரி மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டோ கொஞ்சம் வேறு கதை. எஞ்சின், பெற்றோல் தாங்கி இரண்டும் பின்னால், மேலே ரெக்சின் கூரை, பிடித்தால் கூரை மளமளவென்று எரிந்துவிடும். சிலிண்டரைப் பின்சீட்டுக்குப் பின்னால் வைப்பதில் அர்த்தமே இல்லை. டிரைவரின் கால் பக்கத்து முன் தகட்டின் உள்பக்கம், பிரேக் பெடலுக்கு எதிர்ப்பக்கமாக, நிமிர்ந்த நிலையில் மாட்டுங்கள். மழை சாய்வாக அடிக்கும் நாட்களில் நனையும், எனவே தலைப்பகுதிக்கு ஒரு பொலித்தீன் உறை தளர்வாகப் போடலாம், ஊசியை மறைக்கிற மாதிரி இறுக்கிக் கட்டிவிடாதீர்கள். களவு பயம் உள்ள இடத்தில் இரவில் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோங்கள், ஆனால் காலையில் சாவியோடு சேர்த்தே கையில் எடுக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

சூடு பற்றியும் ஒரு வார்த்தை. நுவரெலியாவில் வெயில் எங்கே என்று கேட்கலாம். அதே வண்டிதான் மாதத்தில் ஓரிரு தடவை கொழும்புக்கோ திருகோணமலைக்கோ இறங்குகிறது, அங்கே கண்ணாடியை மூடி வெயிலில் நிறுத்தினால் டேஷ்போர்டின் மேல் 70 பாகையையும் தாண்டும். பல சிலிண்டர்களில் போட்டிருக்கும் மேல் எல்லை 60 பாகை செல்சியஸ். தரைக்குக் கிட்ட, சீட்டின் நிழலில் இருந்தால் பயமில்லை. டேஷ்போர்டு மேலும், பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டிலும் வைக்கவே கூடாது.

மாதம் ஒரு தடவை

குலுக்கலும் ஈரமும்தான் நம் பக்கத்தில் சிலிண்டரைக் கெடுப்பவை. தோட்டத்து ரோட்டில் தினமும் குலுங்கிக் குலுங்கி தூள் அடியில் போய் இறுகிவிடும், அப்புறம் அழுத்தினால் நைட்ரஜன் மட்டும் சீறிக்கொண்டு போகும், தூள் வராது. கழற்றித் தலைகீழாகப் பிடியுங்கள், காதுக்குக் கிட்ட வைத்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள், உள்ளே தூள் வழுக்கி விழுவதைக் கையே உணரும். உணரவில்லை என்றால் அடியில் உள்ளங்கையால் தட்டித் திரும்பப் பாருங்கள். அப்போதும் கட்டியாகவே இருந்தால் சேர்விசுக்குக் கொடுக்க வேண்டியதுதான்.

முள்ளைப் பாருங்கள். குளிர்காலக் காலையில் முள் கொஞ்சம் கீழே நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வாயு குளிர்ந்தால் அழுத்தம் குறையும், மதியத்துக்கும் விடியலுக்கும் 15 பாகை வித்தியாசம் இருந்தால் ஒரு பார் வரை குறைந்து காட்டலாம். பச்சைக்குள் இருக்கும் வரை சரி. ஒவ்வொரு மாதமும் ஒரே நேரத்தில் பார்த்தால் உண்மையிலேயே கசிகிறதா என்று தெரிந்துவிடும். மீட்டர் கண்ணாடிக்கு உள்பக்கம் பனி படிந்திருந்தால் ஈரம் புகுந்திருக்கிறது, அந்த முள் சொல்வதை நம்ப முடியாது. அப்படிச் சந்தேகம் வந்தால் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள், மொத்த நிறை எவ்வளவு என்று லேபலில் இருக்கும்.

பிராக்கெட்டிலிருந்து கழற்றிய கையோடு அடிப்பாகத்தையும் பட்டி பிடித்த இடத்தையும் துடைத்து, துரு இருக்கிறதா என்று பாருங்கள். மேலோட்டமான துரு என்றால் துடைத்துப் பெயின்ட் அடிக்கலாம், நகத்தால் சுரண்டினால் உதிர்ந்து குழி விழுந்திருந்தால் அந்தச் சிலிண்டரை மாற்றிவிடுங்கள், உள்ளே அழுத்தம் இருக்கும் சாமானில் விளையாட முடியாது. முனைத் துவாரத்தையும் பாருங்கள். திறந்த ஷெட்டில் நிறுத்தும் வண்டியில் குளவி வந்து அதற்குள் மண்ணால் கூடு கட்டி அடைத்துவிடும், ஒரு ஈர்க்குச்சியால் எடுத்துவிடலாம்.

"வேலை செய்யுதா பார்ப்போம்" என்று ஒரு சின்ன அழுத்து அழுத்திப் பார்க்கவே கூடாது. வால்வில் தூள் சிக்கி முழுதாக மூடாது, சில நாட்களில் அழுத்தம் இறங்கி முள் சிவப்புக்குப் போய்விடும்.

ஆண்டுக்கு ஒரு தடவை சேர்விஸ். இதில் ஒரு கவனம் வேண்டும், பழைய ஸ்டிக்கருக்கு மேல் புது ஸ்டிக்கர் ஒட்டிக் காசு வாங்குகிற இடங்களும் இருக்கின்றன. கொடுப்பதற்கு முன் நிறுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் திறக்கும்போது கிட்ட நில்லுங்கள், பழைய தூளைக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையாகச் செய்பவர் தயங்காமல் காட்டுவார். திரும்ப நிரப்ப முடியாத வகை என்றால் லேபலில் உள்ள காலம் முடிந்ததும் புதிது வாங்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

தீ வந்துவிட்டால்

புகை மணம் வந்ததும் அடுத்த டவுன் வரை ஓட்டிப் பார்ப்போம் என்ற எண்ணமே வேண்டாம். ஓரம் கட்டுங்கள், எஞ்சினை நிறுத்துங்கள், ஹேண்ட்பிரேக் போடுங்கள். இறக்கத்தில் முன் சக்கரத்தை மலைப்பக்கம் திருப்பி நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல்லும் வையுங்கள், தீயில் பிரேக் குழாயோ கேபிளோ போனால் வண்டி தானாக உருள ஆரம்பிக்கும். எல்லோரையும் இறக்குங்கள். பள்ளத்துப் பக்கக் கதவைத் திறந்து பதற்றத்தில் கால் வைக்க இடமில்லாத இடத்தில் இறங்கிவிடப் போகிறார்கள், அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். இறங்கியவர்கள் வண்டிக்கு மேட்டுப் பக்கமாக, ரோட்டோரமாகத் தூரமாய்ப் போய் நிற்க வேண்டும். எரிகிற பெற்றோல் ரோட்டுச் சரிவிலும் கானுக்குள்ளும் கீழ்நோக்கித்தான் ஓடும், அதன் ஆவியும் காற்றைவிடப் பாரம் என்பதால் கீழேதான் இறங்கும். வேறு யாராவது 110க்கு அழைக்கட்டும், யாருக்காவது தீக்காயம் என்றால் அம்பியூலன்ஸுக்கு 1990.

இதற்குப் பிறகுதான் சிலிண்டர். ஆள் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால் மட்டும் முதலில் அதைப் பயன்படுத்தி அவருக்கு வழி எடுங்கள்.

பொனட்டுக்குள் தீ என்றால் பொனட்டைத் தூக்கித் திறக்காதீர்கள், திறந்த கணம் காற்று உள்ளே புகுந்து சுவாலை முகத்துக்கு வரும். உள்ளே இருக்கும் லீவரை இழுத்தால் பொனட் ஒரு விரல் அளவு எழும்பி நிற்கும், அந்த இடைவெளியில் முனையை வைத்து அடியுங்கள், அல்லது முன் கிரில் வழியாக, அல்லது கீழேயிருந்து. தகடு கொதிக்கும், வெறுங்கையை வைக்காதீர்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள், பள்ளத்துக் காற்று நொடிக்கொரு திசையில் திரும்பும் என்பதால் விலகி ஓட ஒரு வழியைப் பார்த்து வைத்துக்கொண்டே கிட்டப் போங்கள். ஊசியை இழுங்கள், சுவாலையின் நுனியை விட்டுவிட்டு அதன் அடியைக் குறிபாருங்கள், அழுத்திக்கொண்டே இடமும் வலமுமாக வீசி அடியுங்கள். தீ அடங்கினாலும் இரண்டு விநாடிக்கான தூளை மிச்சம் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பாருங்கள், சூடான உலோகத்தில் பெற்றோல் பட்டால் திரும்பவும் பிடிக்கும்.

சக்கரத்தில் புகை மட்டும் என்றால் தூளை வீணாக்காதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள், கொதிக்கும் டிரம் வெடிப்பு விடும். நிறுத்தி ஆறவிடுங்கள், அரை மணியோ ஒரு மணியோ எடுக்கட்டும். டயரே எரிந்தால் தூளை அடித்துச் சுவாலையை அடக்கிய பிறகு பக்கத்து ஓடையிலிருந்தோ பீலியிலிருந்தோ தண்ணீர் நிறைய ஊற்ற வேண்டும், ரப்பர் உள்ளே கனன்று மறுபடி எரியும். டயருக்கு நேர் பக்கவாட்டில் நிற்காதீர்கள், வெடித்தால் அந்தப் பக்கம்தான் தாக்கும், முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ நெருங்குங்கள். பெற்றோல், எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும்.

விட்டுவிட்டு ஓட வேண்டிய நேரங்களும் உண்டு. தீ சீட்டுவரை வந்துவிட்டால், தாங்கிப் பக்கம் எரிந்தால், உள்ளே கேஸ் சிலிண்டர் இருந்தால், கையில் உள்ள தூள் சிலிண்டர் காலியாகியும் தீ அடங்காவிட்டால். ஹைபிரிட்டிலோ எலக்ட்ரிக் வண்டியிலோ பெரிய பாட்டரியிலிருந்து சீறும் சத்தமும் வெள்ளைப் புகையும் வந்தால் அதுவும் அப்படித்தான். லித்தியம் பாட்டரிக்குள் தொடங்கிய தீ தூளுக்கு அடங்காது, புகையும் விஷம். செம்மஞ்சள் நிற உறை போட்ட கேபிளைத் தொடவே கூடாது.

இதையெல்லாம் டிரைவர் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதாது. லேபலில் இருப்பது ஆங்கிலம், சில நேரம் சீன எழுத்து. ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் "ஊசியை இழு, தீயின் அடியைப் பார்த்து அழுத்து" என்று எழுதி சிலிண்டரில் ஒட்டிவிடுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு, வேனில் உதவிக்கு வரும் தம்பிக்கு, பட்டியைக் கழற்றி எடுக்க ஒரு தடவை பழக்கிக் கொடுங்கள். ஊசியை இழுக்காமல் பட்டியைக் கழற்றி எடுப்பது வரை செய்து பார்த்தால் போதும், பதற்றத்தில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

அடித்த பிறகு

தீ அணைந்துவிட்டது என்று உடனே ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள். பாட்டரியின் கறுப்பு வயரைக் கழற்றிவிட்டு, எதனால் பிடித்தது என்று தெரியும் வரை வண்டியை இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். அந்த மஞ்சள் தூள் ஈரம் பட்டால் உலோகத்தை அரிக்கும், நம் மூடுபனியில் ஈரத்துக்குக் குறைவே இல்லை, ஆகவே கராஜில் அன்றைக்கோ மறுநாளோ முதலில் காற்றடித்து ஊதி, பிறகு கழுவச் சொல்லுங்கள், வயர் இணைப்புகளையும் அலுமினியப் பாகங்களையும் விசேஷமாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஊதும்போது மூக்கை ஒரு துணியால் கட்டிக்கொள்வது நல்லது. ஒரு விநாடி மட்டும் அடித்திருந்தாலும் அந்தச் சிலிண்டரை மறுபடி நிரப்பாமல் பிராக்கெட்டில் மாட்டாதீர்கள், நிரப்பி வரும் வரை வேறொன்றை வாங்கியோ தெரிந்தவரிடம் இரவல் கேட்டோ அந்த இடத்தில் மாட்டிவிட்டு வண்டியை எடுங்கள்.